கலங்கரை விளக்குக்கு ஒரு கைப்பிடி

கீழ்க்கட்டளையில் குடியிருந்த ஜஹீராவுக்கு ஒரு வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். 'அர்ஜன்ட்' என்பதுதான் அந்த வார்த்தை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் ஆசைப்பட்ட இடங்களில் முக்கால்வாசியை விழுங்கி ஏப்பம் விட்டது அதுதான். தீவுத்திடலில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், ராட்டினத்தில் ஏறலாம் என்று புதுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, மகள் பரிதாவுக்குச் சட்டையும் மாட்டி வாசலுக்கு வந்தால், புருஷன் ஜலால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

"ஜஹீரா, பட்டறையில அர்ஜன்ட் வேலை ஒண்ணு. நீ பாட்சாகூடப் போய்ட்டு வந்துடேன்."

பாட்சா அவளுடைய தம்பி. ஜலாலின் பட்டறையில் ஃபிட்டர். தங்கமான பிள்ளைதான். ஆனால் தம்பியோடு ராட்டினம் ஏறுவதற்காகவா ஒருத்தி கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள்? பரங்கிமலைக்குப் போய் மேலிருந்து ஏரோப்ளேன் இறங்குவதைப் பார்க்கலாம் என்றாள், அர்ஜன்ட். தெருவே சேர்ந்து ஊட்டிக்கு வேன் பிடித்தது, அர்ஜன்ட். வேன் கிளம்பிப் போன தெருவில் அவள் மட்டும் வாசலைப் பெருக்கிக்கொண்டு நின்றாள்.

மற்றபடி ஜலாலைக் குறை சொல்ல நாக்கு வராது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பல்லாவரம் சந்தைக்குப் போனால், அவள் கேட்டதும் வாங்குவான், கேட்காததும் வாங்குவான். அதனால்தான் அவளுக்கு வருத்தம் இன்னும் ஆழமாக இறங்கியது. இவ்வளவு நல்ல மனுஷன் தான் ஆசைப்படுகிற இடத்துக்கு வந்து நிற்க மட்டும் ஏன் மாட்டேன் என்கிறான்? பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது அவனுக்குக் கூச்சமா? இல்லை, இந்தப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சுற்றுவதுதான் கூச்சமா? இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அரிசி களையும்போதும் துணி உலர்த்தும்போதும் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்வாள்.

திருமுடிவாக்கத்தில் ஒவ்வொன்றாக ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. ஜலாலும் ஒரு ஷெட் பிடித்து வெல்டிங் பட்டறை போட்டிருந்தான். கேட், ஜன்னல் கிரில், இரும்புப் படி, தண்ணீர் டேங்க் ஏணி. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரைக்கும் புதிதாகக் கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் அவன் பட்டறை ஏணிதான் டேங்க்கில் சாய்ந்து நிற்கும். 'ஜலால் பாய் வெல்டிங்கில் ஜாயின்ட் எங்கே இருக்கிறது என்று தடவினாலும் தெரியாது' என்று பெயர். அந்தப் பெயர் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. பழவேற்காட்டிலிருந்து படகில் போனால் நண்டுத்திட்டு என்று ஒரு சின்னத் தீவு. அதில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் கோபுரமாக ஒரு கலங்கரை விளக்கு. உச்சியில் விளக்கு அறை, அதைச் சுற்றி ஓர் ஆள் நடக்கிற மாதிரி வட்டமாக ஒரு பால்கனி. பால்கனியின் பழைய இரும்புக் கைப்பிடியை உப்புக்காற்று தின்றுவிட்டது. முன்பெல்லாம் சாயங்காலத்தில் ஜனங்களை மேலே ஏறிப் பார்க்க விடுவார்களாம். கைப்பிடி இற்றுப்போனதிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். புதிதாகச் செய்து, பட்டறைக்காரரே நேரில் வந்து மாட்டித் தர வேண்டும் என்பது பேச்சு.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜலால் இதைச் சொன்னதுதான் தாமதம், ஜஹீரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாட்டுற அன்னிக்கு நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? அங்க வெறும் மணலும் நண்டும்தான் இருக்கும்."

"இருக்கட்டும். கைப்பிடி மாட்டினதும் மேல ஏற விடுவாங்கல்ல? நீங்களும் நானும் மேல போய் நிக்கணும். நடுக்கடல்ல நின்ன மாதிரி நாலா பக்கமும் பாக்கணும். பாட்சாகூட இல்ல, உங்ககூட. இதுக்கும் அர்ஜன்ட்னு ஏதாவது சொன்னீங்க, நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். பரிதாவுக்கு நீங்களே தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பிக்கங்க."

ஜலால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "சரி" என்றான். தொண்டையில் மீன் முள் சிக்கியவன் சொல்கிற மாதிரி இருந்தது அந்தச் சரி. ஜஹீரா அதைக் கவனிக்கவில்லை. அவள் அப்போதே எந்தப் புடவை என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அளவெடுக்கப் பாட்சாதான் போய்வந்தான். பால்கனியின் சுற்றளவு, உயரம், கால்கள் நிற்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தான். பட்டறைத் தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு வேலை ஆரம்பமானது. குப்புராஜ் என்று ஒரு வெல்டர் பட்டறையில் இருந்தான். அவனைக்கூட ஜலால் கிட்டே விடவில்லை. பைப்பை வளைத்ததும் அவனே, ஒட்டியதும் அவனே. மதியச் சாப்பாடு கொண்டுவந்த ஜஹீரா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஷெட்டை அடைத்துக்கொண்டு, வெள்ளை பெயின்ட் அடித்து, முழு வட்டமாக ஒரு கைப்பிடி நின்றது. எங்கே ஆரம்பித்தான், எங்கே முடித்தான் என்று தெரியவில்லை. பக்கத்து ஷெட்டுக்காரர்களெல்லாம் வந்து தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

"போல்ட்டு போட்டுத் துண்டு துண்டா சேர்க்கலாம். ஆனா ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒரு வீக்னஸ்" என்று ஜலால் அவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தான். "இது ஒரே பீஸ். நூறு வருஷம் நிக்கும்."

ஜஹீரா குனிந்து வளையத்துக்குள் போய் நடுவில் நின்று பார்த்தாள். அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரன் தன் புருஷன் என்று நினைத்தபோது, அம்மா வீட்டுக்குப் போவேன் என்று மிரட்டியதற்காகக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான். மிரட்டலை வாபஸ் வாங்குகிற அளவுக்கு இல்லை.

புறப்படுகிற நாளும் வந்தது. குப்புராஜ் தங்கச்சி கல்யாணத்துக்காக லீவு போட்டிருந்தான். மகளைப் பல்லாவரத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு, பிரியாணி தூக்கோடு ஜஹீரா டெம்போவில் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்னால் வளையத்தைச் சாய்த்து நிறுத்தி, கயிறு போட்டுக் கட்டி, அதைப் பிடித்தபடி பாட்சா. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போனவர்களெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். ஒரு ஆட்டோக்காரர், "இன்னா பாய், சர்க்கஸுக்கா? சிங்கம் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஜலால் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். உள்ளங்கை வியர்த்து, அடிக்கடி சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பழவேற்காட்டில் படகுக்காரர் சேட்டு வளையத்தைப் பார்த்துவிட்டு, படகை ஒரு முறை பார்த்தார். "இத எப்புடி ஏத்தறது? சரி, மல்லாத்திப் போடு. ஜனம் உள்ளாற குந்திக்கட்டும்" என்றார். அப்படியே ஆயிற்று. படகின் குறுக்கே வளையம் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு கிடக்க, பட்டியில் அடைத்த ஆடுகள் மாதிரி நாலு பேரும் அதற்குள் உட்கார்ந்தார்கள். வெல்டிங் பெட்டி ஒரு மூலையில், பிரியாணித் தூக்கு ஜஹீரா மடியில்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் அதைப் பார்த்தாள். முதலில் ஒரு கோடு மாதிரி. பிறகு கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கோபுரம், தலையில் கண்ணாடிக் கூண்டு. கீழே ஒரு கைப்பிடி மணல், நாலு தாழம்புதர், ஒரு ஓட்டு வீடு, சுற்றிலும் தண்ணீர். இத்தனை வருஷம் அலையும் புயலும் மோதியும் அசையாமல் நிற்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். "ஏங்க, பாருங்க, பாருங்க!" என்று ஜலாலின் தோளைத் தட்டினாள். அவன் பார்த்தான். பார்த்த வேகத்தில் குனிந்து, வெல்டிங் பெட்டியின் பூட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தான். பூட்டு சரியாகத்தான் இருந்தது.

கரையில் சுப்ரமணியன் காத்திருந்தார். விளக்கைப் பார்த்துக்கொள்கிற ஊழியர். காக்கிச் சட்டை, நெற்றியில் விபூதி. "வாங்க பாய், வாங்கம்மா" என்று வாய் நிறைய வரவேற்றார். பாட்சாவும் சேட்டுவும் வளையத்தை உருட்டிக்கொண்டு வந்து கோபுரத்தின் வாசலில் நிறுத்தினார்கள்.

சுப்ரமணியன் வளையத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி வளையத்தைப் பார்த்தார். கல் சுவரில் குடைந்த அந்த வாசல், ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலம். உள்ளே சுருண்டு சுருண்டு மேலே போகிற படி அதைவிடக் குறுகல்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார். "ஆனா இது எப்படி மேல போகும்?"

ஜலால் முகத்தில் ஈயாடவில்லை.

"வெளியிலேர்ந்து கயிறு கட்டித் தூக்கிரலாம்" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னான்.

"தூக்கலாம். தூக்கி? பால்கனிக்கு நடுவுல விளக்கு அறை நிக்குது. அதுக்கு மேல கூம்பு, கூம்புக்கு மேல இடிதாங்கி. அத்தனைக்கும் மேல உசத்தி, அப்புறம் மோதிரம் போடற மாதிரி மேலேர்ந்து மாட்டணும். கிரேன் வேணும் பாய். கிரேனைப் படகுல ஏத்திக்கிட்டு வருவீங்களா?"

சேட்டு கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு, ஜலாலின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அளவெடுக்க வந்தவருக்குப் படி தெரிஞ்சிருக்குமே. யார் வந்தது?"

"நான்தான் சார்" என்றான் பாட்சா. "ரவுண்டு அளவு கரீட்டா எடுத்துகினு போனேன். வாசப்படி அளவை யாரும் கேக்கலியே. ஒரே பீஸா பண்ணப்போறாருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அதில்லப்பா. வேலை செய்யறவர் ஒரு தடவை மேல ஏறிப் பாத்திருந்தா இந்தப் பேஜாரே இல்லையே. ஓனர் ஏன் வரல?"

பாட்சா ஜலாலைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"மச்சான் ஏற மாட்டாரு சார். அவருக்கு ஒசரம்னா ஆவாது. தலை சுத்திப்பூடும். டேங்க் ஏணி செய்வாரே கண்டி, மாட்டறது நானும் குப்புராஜும்தான்."

ஜஹீரா தூக்கை மணலில் வைத்தாள்.

ராட்டினம். பரங்கிமலை. ஊட்டி. மண்டைக்குள் ஒவ்வொன்றாக விழுந்தது. மெரினாவுக்கு வந்தானே! கிண்டி பாம்புப் பண்ணைக்கு வந்து, பாம்பைத் தொட்டுக்கூடப் பார்த்தானே! அப்போதெல்லாம் எந்த அர்ஜன்ட்டும் வரவில்லையே! ரம்ஜான் பிறை பார்க்க ஊரே மொட்டை மாடியில் நிற்கும்போது, 'தெருவுலேயே நல்லாத் தெரியுது' என்று கீழேயே நின்று கழுத்தை வளைத்துக்கொண்டிருப்பானே! மாடி ரூம் கட்டலாம் என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அஸ்திவாரம் தாங்காது என்றானே!

அவள் புருஷனைப் பார்த்தாள். தாம்பரம் வட்டாரத்துக்கே ஏணி செய்து கொடுத்தவன், திருடி அகப்பட்டவன் மாதிரி, கால் கட்டைவிரலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றான்.

முதலில் வந்தது கோபம்தான். எட்டு வருஷமாகக் காதில் பூ சுற்றியிருக்கிறான், தம்பியும் கூட்டு. இரண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தாள். கோபத்துக்கு அடியிலிருந்து வேறு ஏதோ குமிழியிட்டுக்கொண்டு மேலே வந்தது. தான் காரணமில்லை. தன்னோடு வர அவனுக்கு இஷ்டமில்லாமல் போகவில்லை. அரிசி களையும்போதெல்லாம் கேட்டுக்கொண்ட கேள்விக்கு இப்படி ஒரு பதில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. இந்த நேரத்தில் சிரித்தால் அந்த மனுஷன் செத்தே போவான் என்று, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தாழம்புதர்ப் பக்கம் நடந்துபோனாள்.

அவள் அழுகிறாள் என்று ஜலால் நினைத்துக்கொண்டான். பெட்டியைத் திறந்து ரம்பத்தை எடுத்தான்.

"இன்னா மச்சான் பண்றே?"

"அறுக்குறேன். துண்டாக்கினாத்தானே உள்ள போகும்?"

நூறு வருஷம் நிற்கும் என்று சொன்ன வாயை இறுக மூடிக்கொண்டு, தானே செய்த வளையத்தைத் தானே அறுத்தான். பாட்சா கேட்டும் ரம்பத்தைக் கொடுக்கவில்லை. வெள்ளை பெயின்ட் தூளாக மணலில் உதிர்ந்தது. வளையம் நாலு துண்டானது.

பிறகு வேலை வேகமாக நடந்தது. பாட்சாவும் சேட்டுவும் துண்டுகளைப் படியில் நெளித்து நெளித்து மேலே கொண்டுபோனார்கள். சுப்ரமணியன் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். கால்களைப் பால்கனியில் போல்ட்டு போட்டு முடுக்கி, துண்டுகள் சேருகிற இடங்களில் பாட்சா சும்மா பொட்டு பொட்டாக வெல்டு வைத்தான். கீழே பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ஜலால் கோபுர நிழலில் உட்கார்ந்து, மேலே விழுகிற ஒவ்வொரு சுத்தியல் சத்தத்துக்கும் தலையைத் தூக்கப் போய், பாதியில் நிறுத்தி, மறுபடி மணலைப் பார்த்தான்.

சுப்ரமணியன் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நிக்குது பாய். ஆனா பொட்டு வெல்டை நம்பி நான் வாங்கிக்க முடியாது. அம்மாவ மேல விடவும் முடியாது. ஜாயின்ட்டு எல்லாத்தையும் முழுசா ஒட்டிரணும்."

"நம்மால அவ்ளோதான் சார் முடியும்" என்றான் பாட்சா. "நான் ஃபிட்டரு. முழு வெல்டு வெக்கறது குப்புராஜு, இல்லாங்காட்டி மச்சான்."

"இருட்டறதுக்குள்ள படகு கெளம்பணும், சொல்லிட்டேன்" என்றார் சேட்டு. "காத்து ஏறிக்கினு கீது."

எல்லோரும் ஜலாலைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். ஜஹீரா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நெருப்பைப் பிடித்து எழுதுகிற கைகள் அவை. ஒரு நாள்கூட நடுங்கி அவள் பார்த்ததில்லை.

"விடுங்க" என்றாள். "இன்னொரு நாள் குப்புராஜ் வந்து முடிச்சுக் கொடுக்கட்டும். கோபுரம் எங்க ஓடிப்போகப் போகுது? வாங்க, சாப்பிடலாம். நான் அம்மா வீட்டுக்கெல்லாம் போகல."

அவள் மனசாரத்தான் சொன்னாள். மேலே நின்று பார்க்கிற ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. இங்கே வரைக்கும் வந்துவிட்டு அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவது அவளுக்குக் கசந்தது. ஆனாலும் இந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகு கேட்க வாய் வரவில்லை.

ஜலால் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ஜஹீரா, நான் போறேன். நீ என்கூட வர்றியா?"

இந்த ஒரு கேள்விக்காக அவள் எத்தனை புதுப்புடவை கட்டி வாசலில் நின்றிருக்கிறாள்! வேகமாகத் தலையை ஆட்டினாள். சுப்ரமணியன் பெரிய மனசு பண்ணி, "வெளிய கால் வைக்காம, கதவுகிட்டயே நில்லுங்கம்மா" என்று வழிவிட்டார்.

அவள் முன்னால் ஏறினாள், அவன் பின்னால். ஏறும்போது கீழே பார்க்கக் கூடாது, மேலேயும் பார்க்கக் கூடாது, தன் புடவைக் கரையை மட்டும் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. பேச்சையும் அவள் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு அம்மணி தெருக்குழாயில் குடம் வைத்துவிட்டுப் போனது, எதிர்வீட்டுத் தனம் அதைத் தள்ளிவைத்தது, அதில் மூண்ட சண்டை, யார் யார் எந்தப் பரம்பரையை இழுத்தார்கள் என்பதெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சுவரில் எங்கே ஜன்னல் வந்தாலும் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"அப்புறம் என்ன, குடம் நசுங்கிப் போச்சு."

"யார் குடம்?"

"மூணாவது வீட்டு அஞ்சம்மாள் குடம். அவ சண்டையிலயே இல்ல."

அவன் சிரித்துவிட்டான். சிரித்த சிரிப்பில் இன்னொரு சுற்று ஏறிவிட்டார்கள்.

உச்சியில் இரும்புக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் காற்று ஊளையிட்டது. திறந்தால் வெளியே பால்கனி. ஜலால் கதவுக்கு முன்னால் நின்றான். திரும்பிப் போய்விடுவான் என்றுதான் ஜஹீரா நினைத்தாள். அவனோ வெல்டிங் முகமூடியை எடுத்துத் தலையில் மாட்டி, முகத்துக்கு மேல் இறக்கிவிட்டுக்கொண்டான்.

அந்த முகமூடியின் கறுப்புக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்தால்கூடப் பச்சையாக ஒரு பொட்டுதான் தெரியும். மற்றது எல்லாம் இருட்டு. கடலும் இல்லை, ஆகாயமும் இல்லை, உயரமும் இல்லை. திருமுடிவாக்கம் ஷெட்டில் நிற்பதும் இங்கே நிற்பதும் ஒன்றுதான்.

"என் கையப் புடிச்சு ஜாயின்ட்டுல வையி" என்றான் உள்ளிருந்து.

கதவோடு நில்லுங்கள் என்று சுப்ரமணியன் சொன்னது காற்றில் போயிற்று. அவள் அவனைக் குருடனைக் கூட்டிப்போவது போலக் கூட்டிப்போய், குந்தவைத்து, விரலை எடுத்து அறுத்த இடத்தில் வைத்தாள். வைத்ததும் கை நடுக்கம் நின்றுவிட்டது. அது அந்தக் கைக்குத் தெரிந்த இடம்.

"கண்ண மூடிக்க. வெளிச்சத்தப் பாக்காத."

அவள் அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நெருப்பு சடசடத்தது. பொறி பறந்து காற்றோடு போயிற்று. ஆசை ஆசையாக வந்த கலங்கரை விளக்கின் உச்சியில் அவளுக்குக் கிடைத்த காட்சி, வியர்வையில் நனைந்த ஒரு கோடுபோட்ட சட்டை. ஒரு ஜாயின்ட் முடிந்ததும் அடுத்ததற்கு நகர்த்துவாள். மறுபடி முதுகில் முகம். இதைவிட நல்ல இடம் ஊட்டியில் இருந்துவிடப் போகிறதா என்று அவளுக்குத் தோன்றியது.

எல்லாம் முடிந்தது. சுப்ரமணியன் வந்து சுத்தியலால் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தட்டிக் கேட்டார். கைப்பிடியில் முழு உடம்பையும் சாய்த்து உலுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. "கல்லு மாதிரி இருக்கு பாய்" என்று சொல்லிவிட்டு, விளக்கைத் துடைக்க உள்ளே போனார். போகிற போக்கில், "நின்னு நிதானமாப் பாருங்கம்மா" என்றார்.

ஜலால் முகமூடியைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வேலை முடிஞ்சுதுங்க. கழட்டுங்க."

"நீ பாரு. நான் இப்படியே எறங்கிடறேன்."

ஜஹீரா அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். கைப்பிடி முதுகில் பட, அதிலேயே சாய்ந்துகொண்டாள்.

"நிக்காஹ் முடிஞ்சு நம்ம ரெண்டு பேரையும் உக்கார வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? என் முகத்திரைய நீங்க தூக்கினப்ப நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்தேன். சுத்தி நின்ன பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. அப்ப என் காதுல என்ன சொன்னீங்க?"

முகமூடிக்குள்ளிருந்து பதில் மெதுவாக வந்தது.

"'பயப்படாத. நான்தான்'னு சொன்னேன்."

"பயப்படாதீங்க" என்றாள் ஜஹீரா. "நான்தான்."

முகமூடியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மேலே தூக்கினாள்.

அவன் கண்கள் இறுக மூடியிருந்தன. புருவத்தில் வியர்வை, மூக்கில் கரி. அவள் காத்திருந்தாள். முதலில் ஒரு கண் திறந்தது. அவள் முகம் தெரிந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் அவள் மெல்ல விலகி, அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

கடல் நாலு பக்கமும் விரிந்து கிடந்தது. மேற்கே வெயில் இறங்கித் தண்ணீர் பித்தளையாக மின்னியது. தூரத்தில் கரை ஒரு பச்சைக் கோடு. கீழே சேட்டுவின் படகு விரல் அளவுக்கு, அதன் பக்கத்தில் அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டுகிற பாட்சா எறும்பு அளவுக்கு. கைப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுத்திருந்தன. ஆனால் அவன் பின்வாங்கவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். ஏதாவது கேட்டால் அவன் மறுபடி கண்ணை மூடிக்கொள்வானோ என்று ஜஹீராவுக்குப் பயம்.

கடைசியில் அவன் பேசினான்.

"ஜஹீரா, பரிதாவையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்."